அடைப்பான் நோய்

அடைப்பான் அல்லது ஆந்த்ராக்சு என்பது பேசிலசு ஆந்த்ராசிசு என்னும் பாக்டீரியாவால் மாடு, ஆடு முதலிய தாவர உண்ணிகளுக்கு ஏற்படும் கொடிய தொற்றுநோய் ஆகும். நோயுற்ற விலங்கின் குருதி, தோல், இறைச்சி ஆகியவற்றின் வழியாக மனிதருக்கும் இது பரவும். மாடுகளைத் தாக்கும் தொண்டை அடைப்பான் வேறொரு பாக்டீரியாவால் வருவது; பெயர் ஒற்றுமையால் இவ்விரண்டும் அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுகின்றன.

வித்துகள்

இறந்த விலங்கின் உடல் திறக்கப்படாதிருந்தால் உள்ளிருக்கும் பாக்டீரியாக்கள் அழுகலின்போது பெரும்பாலும் மடிந்துவிடும். உடலை அறுத்தாலோ, காற்றுப்பட்டு அவை வித்துகளாக மாறி மண்ணில் பல பத்தாண்டுகள் உயிர்ப்புடன் இருக்கும். 1942 இல் பிரித்தானியர் இக்கிருமியை ஆயுதமாகச் சோதித்த இசுக்காட்லாந்தின் குருய்னார்டு தீவு, தூய்மைப்படுத்தப்பட்டு 1990 இல் தான் பாதுகாப்பானதாக அறிவிக்கப்பட்டது.

இறைச்சியும் மனிதரும்

திடீரென இறந்த மாட்டை அறுத்து இறைச்சியை மலிவாகப் பங்கிட்டுக்கொள்வது ஊர்ப்புறங்களில் மனிதருக்கு இந்நோய் வரும் முக்கிய வழியாகும். மாட்டை இழந்த ஏழை உரிமையாளருக்கு அது சிறு ஈடாக இருப்பதால் இவ்வழக்கத்தை நிறுத்துவது எளிதன்று. கால்நடை மருத்துவர் சோதித்தபின் இறைச்சிக்கூடத்தில் வெட்டப்படும் நலமான மாட்டின் இறைச்சிக்கு இவ்வச்சம் பொருந்தாது. நோய்ச் செய்தி பரவும்போது இவ்வேறுபாடு மறக்கப்பட்டு எல்லா இறைச்சியும் ஐயத்திற்குள்ளாகிறது. வேகவைத்தால் போதும் என்பதும் சரியன்று. வித்துகள் சிறிது நேரக் கொதிப்பைத் தாங்கக்கூடியவை.

உண்பவரைவிட அறுப்பவருக்கும் தோலுரிப்பவருக்குமே இடர் மிகுதி. மனிதரிடம் காணப்படுவதில் சுமார் 95 விழுக்காடு தோல் வகையாகும். இதில் வலியற்ற கொப்புளம் தோன்றி, நடுவில் கரிய பொருக்காக மாறும். உரிய காலத்தில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்தால் குணமாகும். நோய் மூளையுறையை எட்டினால் பிழைப்பது அரிது. இத்தகைய நோயாளிகளைப் பற்றி வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் ஆய்வுக்கட்டுரைகள் எழுதியுள்ளனர்.

தடுப்பு

இறந்த மாட்டின் வாய், மூக்கு, ஆசனவாய் வழியே உறையாத கருங்குருதி வடிந்தாலும், உடல் முழுதும் விறைக்காதிருந்தாலும் அடைப்பான் என ஐயுற வேண்டும். அவ்வுடலைப் பிணக்கூறாய்வுக்குக்கூட அறுத்தல் கூடாது. எரிக்கவோ, ஆறடி ஆழத்தில் சுண்ணாம்பிட்டுப் புதைக்கவோ வேண்டும்.

1881 இல் லூயி பாசுச்சர் இதற்கான தடுப்பூசியைப் பொதுமக்கள் முன் மெய்ப்பித்தார். தமிழகத்தில், 1932 இல் தொடங்கப்பட்ட இராணிப்பேட்டை கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இத்தடுப்பூசியைத் தயாரிக்கிறது. நோய் கண்ட பகுதிகளில் ஆண்டுக்கு ஒருமுறை இது போடப்படுகிறது.

காட்டு விலங்குகளும் தப்புவதில்லை. 2021 சூலையில் கோயம்புத்தூர் வனக்கோட்டத்தில் ஒரு பெண் யானை இந்நோயால் இறந்தது. இராசபாளையம், திருவில்லிபுத்தூர் மலையடிவாரம் போல, மாடுகளும் காட்டு விலங்குகளும் ஒரே புல்லை மேயும் இடங்களில் நோய் இருபுறமும் கடக்கக்கூடும்.