விட்டுப்போன 29,331 கோடி

ராமானுஜன் என்றாலே 1729, டாக்ஸி, ஆஸ்பத்திரிக் கட்டில். கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட ஒப்பிக்கும். எனக்கு அந்தக் கதை அலுத்துவிட்டது. அச்சகத்தில் புரூஃப் பார்த்தே காலம் தள்ளியவன் நான். எனக்குப் பிடித்தது அவர் எழுதாமல் விட்ட ஓர் எண்: 2,93,31,86,25,600.

1915-இல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் அவருடைய நீண்ட கட்டுரை ஒன்று வந்தது. கேம்பிரிட்ஜுக்குப் போன மறு வருஷம். விஷயம், காரணிகள் மிகுந்த எண்கள். 12-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு காரணிகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு கிடையாது. இப்படித் தனக்குக் கீழே இருக்கிற அத்தனை எண்களையும் காரணிக் கணக்கில் தோற்கடிப்பவைதான் அவருக்கு வேண்டியவை. பிளேட்டோ தன் லட்சிய நகரத்துக்கு 5,040 குடும்பங்கள் என்று சொன்னாரே, அதுவும் இந்த வரிசைதான், 60 காரணிகள். நிலத்தையும் ஆட்களையும் எப்படிப் பங்கு போட்டாலும் மீதி விழக்கூடாது என்பது அவர் கவலை.

ராமானுஜன் இவற்றின் உள்கட்டையே நிறுவிக் காட்டினார். பகா எண்களாகப் பிரித்தால் 2, 3, 5, 7 என்று இடையில் ஒன்றும் விடாமல் வரும். அடுக்குகள் போகப்போகக் குறையும், அல்லது அப்படியே நிற்கும், ஏறவே ஏறாது. கடைசிப் பகா எண்ணுக்கு அடுக்கு 1. இதற்கு 4-ம் 36-ம் மட்டும் விலக்கு.

கூடவே ஓர் அட்டவணை. அதில் கடைசி எண் 67,46,32,83,88,800. ஏறக்குறைய ஆறே முக்கால் லட்சம் கோடி! பிரித்தால் 2-க்கு அடுக்கு 6, 3-க்கு 4, 5-க்கும் 7-க்கும் 2. பிறகு 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்றும் ஒரு தடவை. ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள்: 7×5×3×3×2×2×2×2×2. ஆக 10,080 காரணிகள்.

இதே எண்ணை 23-ஆல் வகுத்துப் பாருங்கள். அட்டவணையில் விட்டுப்போனது வந்து நிற்கும். 5,040 காரணிகள், பிளேட்டோ மறுபடியும் எட்டிப் பார்க்கிறார். ராமானுஜன் தந்த எண்கள் 102. இது ஒன்றுதான் குறை. இதை அடுத்து வரும் எண் 3,21,25,37,32,800. அது ஒரு 3-ஐயும் ஒரு 7-ஐயும் விட்டுக்கொடுத்து 23-ஐ வாங்கிக்கொள்கிறது; காரணிகள் 5,376. அதாவது 21-க்குப் பதில் 23. இரண்டும் இவ்வளவு ஒட்டி நிற்கும்போது கையால் போட்ட கணக்கில் ஒன்று நழுவினால் நான் குறை சொல்ல மாட்டேன். தேற்றங்களுக்கு இதனால் கீறல்கூட இல்லை.

ஆனால் இன்னொன்றை மன்னிக்க மனம் வரவில்லை. யுத்த காலம், சங்கத்தின் கையில் பணமில்லை. செலவை மிச்சம் பிடிக்கக் கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறாமலே நிறுத்தப்பட்டது. மிஞ்சியதற்கே 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் கொடுத்தது. நிறுத்திய பக்கங்கள் 1988-இல்தான், அவருடைய ‘தொலைந்த நோட்டுப்புத்தக’த்தின் நகல் பதிப்பில், கையெழுத்தாகவே வெளிவந்தன. ஒழுங்காக அச்சுக் கோத்து, குறிப்புகளோடு அவை வந்தது 1997-இல். வெளியிட்டது ராமானுஜன் பெயரிலேயே தொடங்கிய ஓர் ஆய்விதழ்.