முன்னால் விட்டுப்போன ஓர் ஒன்று: 'ஆட்டம்' தொடரின் விலை குறித்து

1963 ஜனவரி 1 முதல் 1966 டிசம்பர் 31 வரை ஃபூஜி டிவியில் 193 அத்தியாயங்கள் ஓடிய 'டெட்சுவான் ஆட்டமு' ('ஆட்டம்') அனிமேஷன் தொடரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் இயக்குநர் ஹயாவோ மியாசாகியிடம்தான் வந்து நிற்கிறார்கள். தொடரை உருவாக்கிய ஒசாமு தெசுகா மறைந்த 1989-இல் 'காமிக் பாக்ஸ்' இதழில் மியாசாகி வைத்த குற்றச்சாட்டு இது: ஓர் அத்தியாயத்தை 5 லட்சம் யென்னுக்குத் தெசுகா ஒப்புக்கொண்டார், அந்த முன்னுதாரணத்தால் ஜப்பானிய அனிமேஷனின் தயாரிப்புத் தொகை அதன்பின் எப்போதும் தாழ்ந்தே கிடந்தது.

அவரை மேற்கோள் காட்டுவோர் அடுத்த வரிகளை விட்டுவிடுகிறார்கள். நாடு வளம்பெறும் போக்கில் தொலைக்காட்சி அனிமேஷன் எப்படியும் வந்திருக்கும், தெசுகா தற்செயலாக அதைத் தொடங்கிவைத்தவர் மட்டுமே என்று மியாசாகியே சொல்கிறார். இரண்டு மூன்று ஆண்டு தள்ளிப்போயிருந்தால் பழைய முறை முழுநீளப் படங்களில் தான் ஊன்றி உழைத்திருக்கலாம் என்பது அவர் ஆதங்கம். அவர் டோயே நிறுவனத்தில் சேர்ந்தது அதே 1963-இல். ஆக, இதை ஓர் இளம் கலைஞனின் இழப்புக்குச் சாட்சியமாக வாசிக்கலாம். விலை வரலாறாக வாசிக்க முடியாது.

விலைக்கு வருவோம். பரவலாக வழங்கும் எண் 5.5 லட்சம். மியாசாகி அதையும் உதிர்த்து 5 ஆக்கிவிட்டார். அனிமேஷன் ஆய்வாளர் நோபுயுகி த்சுகதா 2007-இல் வெளியிட்ட தெசுகா பற்றிய நூலோ 15.5 லட்சம் என்கிறது: தெசுகாவுக்குத் தெரியாமலே விளம்பர முகவரான மன்னென்ஷா மீதியை ஈடுகட்டியது. ஜப்பானியரின் பத்தாயிரக் கணக்கில் 55, 155. நம் லட்சக் கணக்கிலும் முன்னால் ஓர் ஒன்றுதான் வேறுபாடு. ஏட்டுச்சுவடி என்றால் பெயர்த்தெழுதியவர் கைதவறியது என்று முடித்துவிடுவோம். இங்கே அப்படியில்லை. இரண்டு பாடமும் மெய்யாக இருக்கலாம்: ஒன்று தெசுகா அறிந்த விலை, மற்றது தெசுகாவின் நிறுவனமான முஷி புரொடக்‌ஷன் கைக்கு வந்த விலை. பிற்காலச் சாட்சியங்களை நம்பும் முடிவு இது என்பதால், முதல் அத்தியாயத்திலிருந்தே 15.5 கிடைத்தது என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன்.

ஆனாலும் தெசுகாவின் தவறான கணக்கு ஒன்றே எல்லாவற்றுக்கும் வித்து என்ற வாதம் நிற்காது. பிறர் போட்டிக்கு வரக்கூடாது என்றே விலையைத் தாழ்த்தியதாக அவரே எழுதியிருக்கிறார். நடந்தது நேர்மாறு. அதே 1963 அக்டோபரில் 'டெட்சுஜின் 28', நவம்பரில் 'எய்ட்மேன்', 'ஓநாய்ச் சிறுவன் கென்' என்று ஆண்டு முடிவதற்குள் வரிசைகட்டி வந்தன. மலிவு விலை கதவை அடைத்திருந்தால் இவை எப்படி நுழைந்தன? விளம்பரம் தந்த மிட்டாய்க் கம்பெனிகளைப் பார்க்கவேண்டும். 'ஆட்டம்' தொடருக்கு மெய்ஜி, 'டெட்சுஜின்' தொடருக்குக் கிளிகோ, 'கென்' தொடருக்கு மோரினாகா. மெய்ஜியின் மார்பிள் சாக்லேட்டோடு வந்த ஆட்டம் ஸ்டிக்கருக்காகவே பிள்ளைகள் அதை வாங்கினார்கள். படம் அசைவதற்குத் தரப்பட்ட கூலியை மட்டும் எண்ணினால், அசையாத படம் ஈட்டிய காசு கணக்கில் விழுவதில்லை. அதோடு வெளிநாட்டு விற்பனையும் உண்டு: அமெரிக்காவின் என்பிசி எண்டர்பிரைசஸ் 52 அத்தியாயங்களை வாங்கியபோது ஒன்றுக்கு 10,000 டாலர் என்பார்கள். டாலருக்கு 360 யென் என்ற அன்றைய மதிப்பில் 36 லட்சம்.

சிக்கன முறையும் தெசுகாவின் கண்டுபிடிப்பல்ல. ஓர் ஓவியத்தை மூன்று சட்டகங்களுக்கு நிறுத்துவது, வாயை மட்டும் அசைப்பது, பறக்கும் காட்சியைச் சேமித்துவைத்து மறுபடி பயன்படுத்துவது என்பவை முஷியின் வழிகள். குறைந்த ஓவியங்களில் தொலைக்காட்சித் தொடர் எடுப்பதை அமெரிக்காவின் ஹன்னா-பார்பெரா 1957-லேயே தொடங்கிவிட்டார்கள். பழைய முறை முழுநீளப் படங்கள் எடுத்துவந்த டோயேகூட 'கென்' தொடருக்கு இறங்கிவந்தது. அதில் இடைநிலை ஓவியங்கள் வரைந்தவர்களில் மியாசாகியும் ஒருவர்.

ஒன்று மட்டும் எனக்கு நெருடுகிறது. ஓர் அத்தியாயத்துக்கு 25 லட்சம் செலவானது என்ற கணக்கு சரியென்றால், 15.5 வந்தாலும் துண்டு விழுந்தே தீரும். ஆனால் முஷி திவாலானது 1973-இல், 'ஆட்டம்' முடிந்து ஏறக்குறைய ஏழு ஆண்டு கழித்து. அத்தனை காலம் அந்தத் துண்டை எது அடைத்தது என்று கேட்டால், என் விடை இப்போதைக்கு ஸ்டிக்கர்ப் பக்கமே சாய்கிறது.