நிலம் யாருடையது? பாகூர் வட்டாரத்தின் பழைய கதை



வழக்கமாக இந்த நேரத்தில் விதை, உரம், பூச்சி மருந்து என்று பேசுவோம். இன்றைக்குக் கொஞ்சம் வேறு சங்கதி. நாம் உழுகிற நிலம் நம் கைக்கு எப்படி வந்தது என்று பார்ப்போம். பழங்கதைதானே என்று எழுந்து போய்விடாதீர்கள். கேட்டு முடித்ததும் வீட்டுப் பெட்டியில் இருக்கிற பத்திரத்தை எடுத்துப் பார்க்கிற வேலை ஒன்று உங்களுக்கு இருக்கிறது.

சோரியாங்குப்பத்தில் தென்பெண்ணைக் கரையில் நின்று தெற்கே பார்த்தால் எதிரே கடலூர்ப் பக்கம். அங்கே கடலோரத்தில் தேவனாம்பட்டினம். 1690-ஆம் ஆண்டில் அங்கே ஒரு நில விற்பனை நடந்தது. அப்போது செஞ்சியில் இருந்து ஆண்டவர் மராட்டிய மன்னர் ராஜாராம், சிவாஜியின் மகன். அவர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை இங்கிலீஷ் கம்பெனிக்கு விற்றார். கோட்டையைச் சுற்றி எவ்வளவு நிலம் சேரும்? பீரங்கியைச் சுட்டால் குண்டு எங்கே போய் விழுகிறதோ அதுவரை என்று பேச்சு.

கம்பெனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? சென்னையிலிருந்து பீரங்கியை வரவழைத்து நாலா திசையிலும் சுட்டார்கள். குண்டு போன தூரத்துக்குள் இருந்த ஊர்கள் எல்லாம் கம்பெனிக்குச் சேர்ந்தன. கடலூரும் அதில் அடக்கம். அந்த ஊர்களுக்குக் ‘குண்டு கிராமங்கள்’ என்றே பிற்பாடு பெயர் வழங்கிற்று. அந்த வயல்களில் அன்றைக்கு ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அரசன் நிலம் கொடுப்பது அன்றைக்குப் புதிதல்ல. அதற்கும் எண்ணூறு ஆண்டுகள் முன்னால், பல்லவ மன்னர் நிருபதுங்கவர்மர் காலத்தில், பாகூரில் இருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் தானமாகக் கொடுக்கப்பட்டன. அந்தச் செப்பேடு பாகூரிலேயே கிடைத்தது. அதில் வருகிற ஊர்ப் பெயர்களில் ஒன்று விளாங்காட்டங்கடுவனூர். அந்தக் காலத்தில் எல்லை குறிப்பதற்கு நாட்டார் நிலத்தைச் சுற்றி நடந்து வருவார்கள். கல்லும் கள்ளியும் நடுவார்கள். பிறகு ஓலையில் எழுதுவார்கள். நடந்து அளந்த காலம் போய், குண்டு போட்டு அளந்த காலம் வந்தது. ஆனால் ஒன்று மட்டும் மாறவில்லை. ஓலையில் யார் பெயரை எழுதினார்களோ அவர்களுக்குத்தான் உரிமை.

இனி ஆற்றுக்கு இந்தப் பக்கம் வருவோம். வில்லியனூரும் பாகூரும் முதலிலேயே பிரெஞ்சுக்காரர்களுக்குச் சொந்தமாக இருக்கவில்லை. 1749-இலும் அதை அடுத்த ஆண்டிலும், நவாபு பதவிச் சண்டையில் உதவி செய்ததற்காக, சந்தா சாகிபும் முசாபர் ஜங்கும் இந்த ஊர்களைப் புதுச்சேரிக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார்கள். பிறகு இங்கிலீஷ்காரர்கள் பிடித்தார்கள், திருப்பிக் கொடுத்தார்கள், மறுபடி பிடித்தார்கள். 1783-இல் பிரான்சு தேசத்தில் வெர்சாய் என்ற இடத்தில் கையெழுத்தான உடன்படிக்கையில் நம் வில்லியனூர், பாகூர் பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. கடைசியாக 1816-இல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்து, 1954 வரை அவர்களிடமே இருந்தது.

ஊர் கைக்கு வந்ததும் வருமானம் வேண்டுமே. அதற்குச் சுலபமான வழி குத்தகை ஏலம். யார் அதிகத் தொகைக்கு ஒப்புக்கொள்கிறார்களோ அவர்களிடம் ஊரை விட்டுவிடுவது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தால் இந்தக் குத்தகைப் பேச்சு பல இடங்களில் வரும். இதில் உள்ள கஷ்டம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆயிரம் வராகனுக்கு ஏலம் எடுத்தவர் ஆயிரத்தைக் கட்டிவிட்டு, மேலே இருநூறாவது பார்க்க நினைப்பார். அவருக்கு ஊர் சில வருஷத்துக்குத்தான். ஏரிக்கரை உடைந்தால் என்ன, வாய்க்கால் தூர்ந்தால் என்ன? களத்துமேட்டில் நெல் இருக்கும்போதே அளந்து கொண்டு போவதில்தான் அவருக்குக் கண்.

நிலத்தை உழுதவருக்கு உரிமையே இல்லையா என்று கேட்பீர்கள். அரை உரிமை இருந்தது. பிரெஞ்சு சர்க்கார் நிலங்களைப் பல வகையாகப் பிரித்து வைத்திருந்தது. ஜாகீர், மானியம், சுரோத்திரியம் என்பவை யாருக்காவது தனியாக விட்டுக்கொடுத்தவை. புறம்போக்கு பொதுவானது. பெரும்பாலான வயல்கள் ‘அடமானம்’ என்று ஏடுகளில் எழுதப்பட்டன. இன்றைக்கு நகையை அடமானம் வைக்கிறோமே, அந்தப் பொருளில் அல்ல. மண் சர்க்காருடையது, வரி கட்டுகிறவரை உழுது கொள்ளலாம், பிள்ளைகளும் உழலாம். ஆனால் மண்ணுக்கு முழுச் சொந்தக்காரர் சர்க்கார்தான்.

இது மாறியது 1854-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் தேதி. மூன்றாம் நெப்போலியன் காலத்துச் சட்டம் ஒன்று, அடமான நிலத்தை வைத்து வரி கட்டி வந்தவர்களையே அதற்கு முழுச் சொந்தக்காரர்கள் ஆக்கிவிட்டது. விற்கலாம், வாங்கலாம், பிள்ளைகளுக்குப் பாகம் பிரிக்கலாம். பாகூர் வயல்கள் உழவரின் சொத்தாக ஆனது அன்றைக்குத்தான் என்று சொல்லலாம்.

இது சாதாரணக் காரியம் அல்ல. கடலுக்கு அப்பால், நம் சனங்கள் தோட்ட வேலைக்குப் போன இலங்கையில், இதற்கு நேர் எதிராக நடந்தது. அங்கே 1840-இல் இங்கிலீஷ் சர்க்கார் ஒரு சட்டம் போட்டது. காடு, தரிசு, பயிர் வைக்காமல் கிடக்கிற நிலம் எல்லாம் சர்க்காருடையது. இல்லை என்பவர் ஆதாரம் காட்டட்டும் என்றார்கள். கண்டி மலைப்பக்கத்து விவசாயிகள் சில வருஷம் பயிர் செய்து, சில வருஷம் நிலத்தை ஆறப்போடுகிறவர்கள். ஆறப்போட்ட நிலத்துக்கு அவர்கள் எங்கே போய்க் காகிதம் காட்டுவார்கள்? அப்படிப்பட்ட நிலங்கள் பல ஏக்கர் ஐந்து ஷில்லிங் என்று காப்பித் தோட்டக்காரர்களுக்கு விற்கப்பட்டன. நம் ஊரில் இருந்து போன தமிழர்கள் அந்தத் தோட்டங்களில்தான் கூலி வேலை செய்தார்கள்.

ஆக, பாகூர்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்களா? ஒரு பாதிதான். 1854-ஆம் வருஷச் சட்டம் யாரைச் சொந்தக்காரர் ஆக்கியது? உழுதவரை அல்ல, வரிக் கணக்கில் பெயர் இருந்தவரை. அவரிடம் வாரத்துக்கு வாங்கி உழுதவர், பண்ணையாளாக இருந்தவர், தலைமுறை தலைமுறையாகச் சேற்றில் நின்றவர், இவர்களுடைய பெயர் அந்தக் கணக்கில் இல்லை. அவர்களுக்கு அன்று ஒரு குழி நிலம்கூடக் கிடைக்கவில்லை. வாரதாரரைக் காப்பாற்ற ஒரு சட்டம் வருவதற்கு 1970-ஆம் வருஷம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நில உச்சவரம்புச் சட்டம் 1973-ஆம் வருஷத்தது.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன? செப்பேடு ஆகட்டும், நவாபு கொடுத்த காகிதம் ஆகட்டும், பிரெஞ்சுக்காரன் கணக்கு ஆகட்டும், எல்லாம் பெயரைத்தான் பார்த்தன. கையில் இருக்கும் காய்ப்பைப் பார்க்கவில்லை. இன்றைக்கும் அப்படித்தான். பேங்க்குக் கடன் ஆகட்டும், பெண்ணையாற்று வெள்ளத்தில் போன பயிருக்கு நிவாரணம் ஆகட்டும், முதலில் கேட்பது காகிதத்தைத்தான்.

ஆகவே மூன்று காரியங்களைச் செய்யுங்கள்.

முதலாவது, உங்கள் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். தாத்தா பெயரிலேயே இருந்தால், வாரிசுகள் உட்கார்ந்து பேசி, பாகூர் தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்துப் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். அண்ணன் தம்பி ஒற்றுமையாக இருக்கிறபோதே செய்ய வேண்டிய வேலை இது. ஒற்றுமை போன பிறகு கோர்ட்டுதான் செய்யும்.

இரண்டாவது, நம் பக்கத்துப் பழைய பத்திரங்களில் கதாஸ்தர் நெம்பர் இருக்கும். அளவு குழிக் கணக்கில் இருக்கும். புதுப் பட்டாவில் ரீசர்வே நெம்பர், ஹெக்டேர், ஆர் என்று இருக்கும். இரண்டும் ஒரே நிலம்தானா என்று ஒத்துப் பாருங்கள். நம் குழி ஒன்று 576 சதுர அடி. நூறு குழி ஒரு காணி. ஒரு காணி ஏறக்குறைய ஐம்பத்து மூன்றரை ஆர். கணக்குத் தெரிந்த பிள்ளையை வைத்துப் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் சர்வேயரை வைத்து அளந்து விடுங்கள்.

மூன்றாவது, வாரத்துக்கோ குத்தகைக்கோ உழுகிறவர்கள் வாய்ப்பேச்சோடு விட்டுவிடாதீர்கள். எழுதி வாங்குங்கள். நெல் அளந்தாலும் பணம் கொடுத்தாலும் ரசீது கேளுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். 1854-இல் அந்தக் கூச்சத்தோடு இருந்தவர்கள்தான் கணக்கில் பெயர் இல்லாமல் போனவர்கள்.

இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.