சாரணர் முகாமுக்குப் பையனை அனுப்புங்க

சனி, ஞாயிறு சாரணர் முகாம்னு பசங்க சீருடை போட்டுக் கிளம்புறாங்க. அதுக்குப் பின்னால ஒரு கதை இருக்கு.

முதல் முகாம் 1907 ஆகஸ்டில், இங்கிலாந்தில் பிரவுன்சீ தீவில் நடந்தது. நடத்தியவர் பேடன் பவல் என்ற ராணுவ அதிகாரி. வந்தது சுமார் 20 பையன்கள்தான். பணக்காரப் பள்ளிப் பிள்ளைகளையும் சாதாரண வீட்டுப் பிள்ளைகளையும் ஓநாய், காளை என்று பேர் வச்ச அணிகளில் கலந்து விட்டார். முடிச்சுப் போடுறது, அடுப்பு மூட்டுறது, தடம் பார்க்கிறது எல்லாம் சேர்ந்தே கத்துக்கிட்டாங்க.

1909-ல் பெங்களூருக்குச் சாரணர் இயக்கம் வந்தது. ஆனா வெள்ளைக்கார, ஆங்கிலோ-இந்தியப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இடம். நம்ம பிள்ளைகளைச் சேர்க்கலை. அங்கே பணக்காரன், ஏழை பார்க்காத கூடாரம் இங்கே நிறம் பார்த்தது.

அப்புறம் அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் இந்தியப் பிள்ளைகளுக்கென்றே தனிச் சாரணர் சங்கம் தொடங்கினார். தொப்பிக்குப் பதிலா தலைப்பாகை கட்டினாங்க. 1921-ல் பேடன் பவல் இந்தியா வந்த சமயம் அந்தச் சங்கமும் இயக்கத்தோடு இணைஞ்சது.

அந்தக் கூடாரத்துக்குள்ள நம்ம பிள்ளைகள் நுழைய 12 வருஷம் ஆச்சு. களையெடுக்க ஆள் இல்லைன்னு பையனை வீட்டில் நிறுத்தாதீங்க. களை ரெண்டு நாள் காத்திருக்கும்.