கொல்லிமலையில் முன்னாள் படைவீரர் வீட்டுவசதி

முப்படைகளில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்களும் பணியில் உயிர்நீத்தவர்களின் குடும்பத்தாரும் சொந்த வீடு பெறுவதற்கான ஏற்பாடுகள் பொதுவாக நிலம், கடன், மானியம் என்ற மூன்று வழிகளில் அமைகின்றன. நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலையில் இம்மூன்றும் சமவெளியில் இருப்பதுபோல் இயங்குவதில்லை. 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயரமுள்ள இம்மலைக்கு அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற வேண்டும். மக்களில் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். மிளகு, காப்பி, மரவள்ளி, சிறுதானியங்கள் முதன்மைப் பயிர்கள்.

முன்வரலாறு

போரில் பட்ட வீரனின் குடும்பத்தைக் காப்பது ஊரின் கடமை என்ற எண்ணம் தமிழகத்தில் மிகப் பழையது. செங்கம், தருமபுரிப் பகுதிகளில் கிடைத்துள்ள பல்லவர் கால நடுகற்கள் ஆநிரை மீட்டும் ஊரைக் காத்தும் இறந்தவர்களின் பெயரையும் அரசனின் ஆட்சியாண்டையும் தருகின்றன. இறந்தவனின் வழியினருக்கு விடப்பட்ட நிலம் கல்வெட்டுகளில் உதிரப்பட்டி என்றும் நெய்த்தோர்ப்பட்டி என்றும் வழங்குகிறது. பாண்டிய நாட்டுக் கல்வெட்டுகளில் இரத்தக்காணி என்ற வழக்கு உண்டு. கன்னட நாட்டிலும் நெத்தரு கொடகி என்ற பெயரில் இதே கொடை இருந்தது. பெயர்கள் வேறுபட்டாலும் நடைமுறை ஒன்றே: சிந்திய குருதிக்கு ஈடாக, தலைமுறைக்கும் உரிமையுள்ள நிலம். அக்கொடையைக் கல்லில் வெட்டி, ஊரார் கண்ணெதிரே நிறுத்தினார்கள். இன்றைய நலத்திட்டங்களுக்கு இதை ஒரு முன்னோடி எனலாம்.

கொல்லிமலை சங்க காலத்தில் வல்வில் ஓரியின் நாடு. சேரனுக்குத் துணைநின்ற மலையமான் திருமுடிக்காரியோடு பொருது ஓரி வீழ்ந்தான். மலை சேரர் வசமாயிற்று. மலைமேலுள்ள செம்மேட்டில் ஓரிக்குச் சிலை உண்டு. ஆடி மாதத்தில் அரசு விழாவும் நடக்கிறது. அவனோடு களத்தில் நின்ற வில்லாளிகளின் பெயர்களோ, அவர்கள் குடும்பம் பெற்றதோ இலக்கியத்தில் இல்லை.

குடியேற்றங்கள்

ஆங்கிலேயர் ஆட்சியில் நிலக்கொடை அரசுத் திட்டமாக மாறியது. பஞ்சாபின் கால்வாய்ப் பாசனக் குடியேற்றங்களில் சிப்பாய்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. முதல் உலகப் போரை அடுத்து, 1919-இல், இந்தியச் சிப்பாய் வாரியம் அமைந்தது. சென்னை மாகாணத்தில் குறிப்பிடத்தக்கது வயநாட்டுக் குடியேற்றம். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பியவர்களுக்காக 1940-களில், அப்போது மாகாணத்தின் மலபார் மாவட்டத்திலிருந்த வயநாட்டில் பல்லாயிரம் ஏக்கர் ஒதுக்கப்பட்டது. குடியேறியவர்களுக்குப் பயிர் வழிகாட்ட 1946-இல் அம்பலவயலில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் இன்றும் செயல்படுகிறது. அந்த மண்ணில் ஏற்கெனவே வாழ்ந்த பழங்குடியினருக்கு இதனால் நேர்ந்த இழப்பு பெரிது. படைவீரருக்குக் கொடுக்கும் நிலம் யாருடையது என்ற கேள்வியை எந்த மலைப்பகுதியிலும் முதலில் கேட்டாக வேண்டும்.

விடுதலைக்குப் பின் நடந்தவற்றுள் பெரிய நிக்கோபார் தீவுக் குடியேற்றம் குறிப்பிடத்தக்கது. 1969 முதல் தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநிலங்களிலிருந்து 330-க்கும் மேற்பட்ட முன்னாள் படைவீரர் குடும்பங்கள் காம்ப்பெல் பே பகுதியில் அமர்த்தப்பட்டன. காட்டைத் திருத்தித் தென்னை வைத்த அவர்களுடைய கரையோர ஊர்களை 2004 ஆழிப்பேரலை அழித்தது.

நிலம் தருவது மட்டுமே வழியல்ல. அமெரிக்கா, படைவீரருக்கான 1944-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம், நிலக்கொடையை விட்டுக் கடன் உத்தரவாதத்துக்கு மாறியது. அரசு பிணை நிற்க, முன்பணமின்றி வீடு வாங்க முடிந்தது. ஆயினும் கருப்பின வீரர்களுக்குப் பல வங்கிகள் கதவடைத்தன.

வீட்டுவசதி அமைப்புகள்

இந்தியாவில் தரைப்படை நல வீட்டுவசதி நிறுவனம் 1978-இல் சங்கமாகப் பதிவாகி, லாபமும் நட்டமும் இல்லாத அடிப்படையில் குடியிருப்புகள் கட்டுகிறது. சென்னை சாலிகிராமத்தின் பரமேஸ்வரன் விஹார் அதன் பணி. 1987-இல் இலங்கையில் உயிர்நீத்துப் பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் பெயர் தாங்கியது. வான்படைக்கும் கடற்படைக்கும் சேர்த்து ஒரு வாரியம் உண்டு. இவை கட்டுபவை பெரும்பாலும் நகர அடுக்குமாடிகள். மத்திய சைனிக் வாரியம், போரில் இறந்தோரின் குடும்பத்துக்கும் ஊனமுற்றோருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரையிலான வீட்டுக்கடனுக்கு வட்டியில் பாதியை ஈடுசெய்கிறது. இன்றைய கட்டுமானச் செலவுக்கு அந்த வரம்பு மிகக் குறைவு. இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் 1995-96 முதல் முன்னாள் படைவீரர்களுக்கும் விரிவானது. அதற்குப் பதிலாக 2016-இல் வந்த பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில் சமவெளிக்கு 1.20 லட்சம், மலைப்பகுதிக்கு 1.30 லட்சம் ரூபாய் என்று அலகுத் தொகை வகுக்கப்பட்டது. மாநில அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் (2024) வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருகிறது. படைவீரர் என்பதற்காக அல்ல, குடிசையில் வாழ்பவர் என்பதற்காக.

நடைமுறையில் ஒரு சிப்பாயோ ஹவில்தாரோ வீடு கட்டுவது ஓய்வின்போது கைக்கு வரும் தொகையில்தான்: பணிக்கொடை, வைப்புநிதி, ஓய்வூதியத்தில் பாதிவரை முன்கூட்டியே பெறும் கம்யூட்டேஷன். ஓய்வு பெரும்பாலும் நடுவயதிலேயே வந்துவிடுவதால், பிள்ளைகளின் படிப்பும் வீடும் ஒரே பணத்துக்குப் போட்டியிடுகின்றன. ஆவணச் சிக்கலும் சேரும். டிஸ்சார்ஜ் புக்கில் மனைவியின் பெயர் ஒருவிதம், ஆதாரில் வேறுவிதம். கணவர் மறைந்தபின் அந்த வேறுபாட்டைத் திருத்த அப்பெண் படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீசுக்கும் மாவட்ட அலுவலகத்துக்கும் இடையே மனுப் போட்டுக்கொண்டிருப்பார்.

மலையின் நிலை

கொல்லிமலையில் தடையாக இருப்பது பட்டா. பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட நிலம் நிபந்தனைக்கு உட்பட்டது. பிறர் வாங்க முடியாது. வயநாட்டின் அனுபவத்தைப் பார்த்தால் இக்காப்பு அவசியமானது, தளர்த்தக் கூடாதது. ஆனால் ஏலம் விட முடியாத நிலத்தை அடமானமாக ஏற்க வங்கிகள் தயங்குகின்றன. பல குடும்பங்களில் பட்டா பாட்டன் பெயரிலேயே நிற்பதால், படையிலிருந்து திரும்பும் பேரன் கடனுக்கும் தகுதியற்றவனாகிறான், மானியப் பட்டியலிலும் பின்தங்குகிறான். கம்பி, சிமென்ட், ஜல்லி எல்லாம் அடிவாரத்திலிருந்து ஏற வேண்டியிருப்பதால் செலவும் கூடுகிறது. இவற்றோடு, 2022 முதல் படையில் சேர்க்கப்பட்டு நான்கு ஆண்டுகளில் வெளியேறும் அக்னிவீரர்களுக்கு முன்னாள் படைவீரர் தகுதியோ ஓய்வூதியமோ இல்லை.

மலையில் நிலத்தை அடமானம் கேட்காமல், ஓய்வூதியத்தையும் அரசு உத்தரவாதத்தையும் பிணையாகக் கொண்ட வீட்டுக்கடனே பொருந்தும். அது வரும்வரை, கொல்லிமலைப் படைவீரர் குடும்பங்கள் வாரிசுச் சான்றும் பட்டா பெயர்மாற்றமும் வட்டாட்சியர் அலுவலகத்தில் முடித்துக்கொண்டு, அடையாள அட்டையுடன் நாமக்கல்லிலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகுவது நல்லது.