உளியும் நூலும்

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே விளங்கும் வடதிருமுல்லைவாயிலில், மாசிலாமணியீசர் கருவறையை வலம்வரும் அன்பர்கள், அதன் பின்புறம் யானையின் பின்புறம்போல் வளைந்திருத்தலைக் காண்பர். இதனைக் கசபிருட்டம் என்றும் தூங்கானை மாடம் என்றும் கூறுவர். பாடித் திருவலிதாயத்திலும் இவ்வமைப்பு உண்டு. இத்தகைய வளைவைத் தரையில் வகுக்கத் தேவைப்படுவன ஒரு முளையும் ஒரு கயிறுமே.

பெருஞ்செயலுக்குச் சிறு கருவி போதும் என்பதற்கு எகிப்து தேசமும் சான்று பகரும். ஏறத்தாழ 4,500 ஆண்டுகட்கு முன் கீசாவில் பெரிய பிரமிடை எழுப்பியோர் இரும்பை உருக்கிக் கருவி செய்ய அறியாதவர். சுண்ணக்கல்லைச் செம்பு உளியாலும் மரக் கொட்டாப்புளியாலும் செதுக்கினர். செம்புக்கு இணங்காத கருங்கல்லை அதனினும் வலிய கல்லுருண்டைகளால் இடித்து இடித்துக் குடைந்தனர். அசுவானில் முற்றுப்பெறாத தூண் ஒன்று, ஏறக்குறைய 42 மீட்டர் நீளத்தில், இன்றும் பாறையோடு ஒட்டிக் கிடக்கின்றது. மரச்சட்டத்தில் தொங்கவிட்ட தூக்குக்குண்டே அவர்தம் மட்டக்கோல்.

நம் நாட்டுச் சிற்பியர்க்கு இரும்பு கைகொடுத்தது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட மகேந்திர பல்லவன், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இன்றி ஆலயம் சமைத்ததை மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பொறித்தான். கட்டடத்தில் உலோகம் இல்லை. ஆனால் அதனைக் குடைந்த கையில் உளி இருந்தது. மாமல்லபுரத்தில் முற்றுப்பெறாத வேலைகளை நோக்குவார்க்கு அம்முறை விளங்கும். பாறையின் முகத்தைச் சிறு சதுரங்களாக வரைந்து, கோடுகளை உளியால் ஆழப்படுத்தி, நடுவே எஞ்சிய மேடுகளைத் தட்டி வீழ்த்தினர்.

கருங்கல்லில் உளிமுனை விரைவில் மழுங்கும். காய்ச்சி, அடித்து, நீரில் தோய்த்துக் கூராக்கும் கொல்லன் இன்றேல் சிற்பியின் கை ஓய்ந்துவிடும். கோயிலைப் போற்றுங்கால் அவ்வுலைக்களத்தையும் நினைத்தல் தகும்.

இக்காலத்தே திருப்பணிக்கு இயந்திரங்கள் வந்துள்ளன. அவை வேலையை எளிதாக்குகின்றன. ஆயினும், மணலை விசையோடு வீசிச் சுவரைத் துலக்கியமையால் பல தலங்களில் கல்வெட்டுகளும் உளித்தடங்களும் தேய்ந்தன. அத்தடங்களே பெயர் பொறிக்காத சிற்பியரின் கையெழுத்து.

தொண்டைமான் முல்லைக்கொடியை வெட்டியபோது அவன் வாள் இலிங்கத்தின்மேற் பட்டது என்று தலபுராணம் நவிலும். அவ்வடுவை அடியார் அழித்தாரல்லர். சந்தனம் சாத்திக் காக்கின்றனர். இறைவன் திருமேனியில் வாள்வடுவைப் போற்றும் நாம், அவன் ஆலயச் சுவரில் உளிவடுவையும் போற்றுதல் கடனாம்.