அத்தையின் ஒப்பாரியும் ஒரு சிறு பெட்டியும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அத்தை இருக்கிறாள். வயது 82. அவளுக்குத் தெரிந்த தாலாட்டும் ஒப்பாரியும் எந்தப் புத்தகத்திலும் ஏறியவை அல்ல. ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் சிறிது தூரந்தான். அந்தச் சிறிது தூரத்தை இருபது வருஷமாக ஒத்திப்போட்டு வந்தவன் நான். அவளுக்கு மூச்சிரைப்புக் கண்ட பிறகுதான் புத்தி வந்தது.

என் அக்காள் மகன் பழைய லாப்டாப் ஒன்றில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தான். நல்ல மைக் ஒன்றும், மைக்கில் விழும் ஒலியை எண்களாக்கி யு.எஸ்.பி. கம்பி வழியே அனுப்பும் வெளிப்பெட்டி ஒன்றும் வாங்கினேன். ஆடியோ இண்டர்ஃபேஸ் என்று அதற்குப் பெயர். கூட வந்த தாளில் லினக்ஸ் என்ற சொல்லே காணோம்.

"சொருகினாப் போதும் மாமா, டிரைவர் வேண்டாம்" என்றான் பையன். டிரைவர் இல்லாத வண்டியில் ஏறி எனக்குப் பழக்கமில்லை.

அத்தை, மாமா இறந்தபோது பாடிய ஒப்பாரியை முழுக்கப் பாடினாள். போட்டுக் கேட்டால் ஒரே இரைச்சல். இன்னொரு தரம் பாடச் சொன்னேன். "செத்தவங்களை ரெண்டு தரமா அனுப்புவாக?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றிரவு டிரைவரின் பூர்வோத்தரத்தைத் தேட உட்கார்ந்தேன்.

1991-ல் ஹெல்சிங்கியில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸைத் தொடங்கியபோது அது ஊமை. அதே பின்லாந்துக்காரரான ஹன்னு சவோலைனென் அதற்கு வாய் கொடுத்தார். அவர் எழுதியது ஓ.எஸ்.எஸ். என்று வளர்ந்தது, விலைக்கு விற்கும் பதிப்பு ஒன்றும் கூடவே கிளம்பியது. எழுத்தை விற்றுப் பிழைக்கும் நான் அதை எந்த முகத்தோடு குறை சொல்வது? 2007-ல் அதையும் அவர்கள் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் காரியம் கைமாறிவிட்டது. செக் நாட்டு யாரோஸ்லாவ் கைசெலா, க்ராவிஸ் அல்ட்ராசவுண்ட் என்ற ஒலி அட்டைக்காகத் தாமே டிரைவர் எழுதப் புகுந்தார். அந்த முயற்சி 1998-ல் ஆல்சா என்ற திட்டமாயிற்று. 2003 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 2.6-ல் அது வீட்டோடு மாப்பிள்ளையாக உள்ளேயே குடியேறிவிட்டது.

அட்டைக்கு அட்டை பாஷை வேறு. பல கம்பெனிகள் தங்கள் பாஷையின் இலக்கணத்தை வெளியே காட்டவில்லை. எழுதியவர்கள் ஒட்டுக்கேட்டுத்தான் கற்க வேண்டியிருந்தது. அந்தத் துன்பத்தைப் பெரிதும் தீர்த்தது யு.எஸ்.பி. அதை இண்டெல் கம்பெனியில் முன்னின்று உருவாக்கியவர்களில் ஒருவர் பரோடாவில் படித்த அஜய் பட். 1996-ல் அது வந்தது. 1998-ல் ஒலிக்கருவிகள் எல்லாம் இப்படித்தான் பேச வேண்டும் என்று அதற்கொரு பொது விதியும் வந்தது. எங்கள் பக்கத்தில் எந்தக் கடைப் பால்கோவாவானாலும் ஒரே கிலோக் கல்லில் நிறுப்பதில்லையா? அதுபோல, விதிக்குக் கட்டுப்பட்ட பெட்டி எந்தக் கம்பெனியுடையதானாலும் லினக்ஸுக்கு உள்ளே ஒரே டிரைவர் போதும். பையன் சொன்னது பொய்யல்ல.

அப்படியானால் கோளாறு எங்கே? டிரைவருக்கு மேலே ஒரு கணக்குப்பிள்ளை உண்டு. எந்தச் சத்தம் எந்தக் கதவால் வரவேண்டும், போகவேண்டும் என்று பங்கிடுபவர். 2004-ல் லெனார்ட் பொட்டெரிங் எழுதத் தொடங்கிய பல்ஸ்ஆடியோ வெகுகாலம் அந்த உத்தியோகம் பார்த்தது. 2017-ல் விம் டேமன்ஸ் அறிமுகப்படுத்திய பைப்வயர் பிறகு பல இடங்களில் அதற்குப் பதிலாக அமர்ந்தது. என் கணக்குப்பிள்ளை, பெட்டியைப் பாட்டுக் கேட்க மட்டும் வைத்துக்கொண்டு, பதிவுக்கு லாப்டாப்பின் சொந்த மைக்கையே நியமித்திருந்தார். மறுநாள் காலை போனில் பையன் சொல்லச் சொல்ல, பெட்டிக்கு உரிய 'ப்ரொஃபைல்' என்ற இடத்தில் வரவு செலவு இரண்டும் உள்ளதைத் தேர்ந்தேன். உடனே என் இருமல் காதில் விழுந்தது, இடது காதில் மட்டும்! இரண்டு துவாரமுள்ள பெட்டியில் மைக் முதல் துவாரத்தில் இருந்தால் அப்படித்தானாம். ஒற்றைத் தடமாகப் பதியச் சொன்னதும் அதுவும் சரியாயிற்று.

அன்று அத்தை தாலாட்டு நான்கு பாடினாள். முடித்துவிட்டு, "ஏய்யா, உள்ள போயிருச்சா?" என்று பெட்டியைத் தட்டிப் பார்த்தாள். ஒப்பாரி மட்டும் பாடவில்லை.

முதல் நாள் பதிவை நான் அழிக்கவில்லை. காதை ஒட்டி வைத்துக் கேட்டால், லாப்டாப்பின் விசிறி இரைச்சலுக்கு அடியில், நாலு வீடு தள்ளி யாரோ அழுவதுபோல் அத்தையின் குரல் இருக்கிறது.